வனமாமலை மவுஸ் டிரைவரை வதம் செய்த படலம்

முடியுடை வேந்தர் முடி துறந்து, குறுநில மன்னர் குடி பெயர்ந்து, நெல் விளைந்த வயலெல்லாம் தகரக் கூரை விளைந்துவிட்ட இக்காலத்தில், வீரம் என்று ஒன்று இவ்வையகத்தில் இன்னும் எஞ்சியிருக்குமாயின், அது வல்லம் வடகாலில், ஞானம்மா வீட்டு இரண்டாம் மாடியில், பாத்ரூமுக்கு எதிர் அறையில், ஜன்னலோரக் கட்டிலில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. இதில் மிகை ஒன்றும் இல்லை. வாழ்க அக்கட்டில்! வாழ்க அதன்மேல் சம்மணமிட்டு மடிக்கணினி ஏந்தி வீற்றிருக்கும் வனமாமலை! நாங்குநேரிப் பக்கத்து மண்ணில் உதித்தோன், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்தோன், இருநூறு டன் பிரஸ்ஸின் இரு பொத்தான்களையும் இரு கையால் ஒருசேர அமுக்கி ஷிப்டுக்கு ஆயிரத்தெண்ணூறு தகடுகளுக்கு உருக்கொடுப்போன், விண்டோஸ் என்னும் மாயையை வேரோடு களைந்தோன், லினக்ஸ் நெறி நின்றோன், கருந்திரையில் வெள்ளெழுத்து விதைக்கும் கட்டளைவரிக் கொற்றவன், அவன் கொடி நீடு பறக்க!

“கெட்டுப்போன கணினி என்று இப்பூவுலகில் ஒன்றும் இல்லை, கட்டளை அறியாக் கயவரே உளர்” என்பது அவன் மானுடத்துக்கு அருளிய பிரகடனம். பக்கத்தில் இருந்து கேட்டவர்கள் சொல்லும் பாடம் சற்றே வேறு: “கம்ப்யூட்டரு எங்கலே கெட்டுப்போவும்? ஒனக்குக் கமாண்டு தெரியல, அதச் சொல்லு.” பொருள் ஒன்றே ஆகையால் நாம் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

அவன் நெறியில் மாபாதகங்கள் இரண்டு. கூட்டுரோட்டில் ஷெர்லின் நடத்தும் ஜெராக்ஸ் கடைக்குப் போய் விண்டோஸின் முன் உட்காருவது முதலாவது. கெட்ட கருவியைக் கையில் எடுத்துப் புரட்டுவது, ஊதுவது, துடைப்பது, தொடையில் தட்டுவது எல்லாம் சேர்ந்து இரண்டாவது. முதலாவதைச் செய்பவன் அடிமை. இரண்டாவதைச் செய்பவன் டி.வி. ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றிப் பல்லால் கடித்துப் பார்க்கும் ரகம். சென்ற மாதம் ஆதார் நகல் எடுக்கப் போன இடத்தில், பின்னால் பதினோரு பேர் வரிசையில் நிற்க, கடையின் ஐந்து கணினிகளிலும் விண்டோஸை அழித்து லினக்ஸ் ஏற்ற வேண்டியதன் அறத்தை ஷெர்லினுக்கு இருபது நிமிடம் எடுத்துரைத்தான். அவள் நகலை நீட்டி, “அடுத்து யாருபா?” என்றாள். வாதத்தில் தோற்று வாயடைத்துப் போனாள் என்று அறைக்கு வந்து அறிவித்தான் வீரன்.

இனிப் போரின் காரணம் கேளீர்.

வனமாமலையின் கம்பெனியில் டூல் ரூமின் டிசைன் பிரிவில் ஓர் இடம் காலியானது. ஒரே ஓர் இடம். ஏசி உண்டு, நாற்காலி உண்டு, நாற்காலிக்குச் சக்கரம் உண்டு. பிரஸ் லைனில் இருப்பவர்களும் முயலலாம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். கொடுத்திருக்கும் அளவுகளை வைத்து ஒரு பிராக்கெட்டை வரைந்து, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கம்பெனி இணையதளத்தில் ஏற்றிவிட வேண்டும். ஐந்து மணி ஒரு நிமிடத்துக்குக் கதவு சாத்தப்படும். அடுத்த இடம் எப்போது காலியாகும் என்பதை எச்.ஆரும் அறியார். பிரஸ் ஓசையில் வனமாமலைக்கு வலக்காது மந்தமாகிவிட்டது. ஊரிலிருந்து போன் வந்தால் இப்போதெல்லாம் இடக்காதுக்குக் கொடுத்துத்தான் பேசுகிறான். இந்த ஒரு வரியை நாம் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

மூன்று ஞாயிறு உழைத்து அவன் பிராக்கெட்டை வரைந்துவிட்டான். இரண்டு போல்ட் ஓட்டைகள் மட்டும் மிச்சம். ஓட்டைக்கு மவுஸ் வேண்டும். மடிக்கணினியிலேயே இருந்த தடவுபலகையோ ஒரு மாதத்துக்கு முன்பு நிகழ்ந்த ரசப் பிரளயத்தில் மூழ்கி முக்தி அடைந்துவிட்டது. ஆகவே வனமாமலைக்கும் சக்கர நாற்காலிக்கும் இடையே உலகில் எஞ்சியிருந்த ஒரே பாலம், வயரோடு கூடிய ஒரு கறுப்பு மவுஸ்.

அன்று காலை பதினோரு மணிவரை பாலம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு வீரன் பாத்ரூம் வரிசையில் நெடுநேரம் நின்று குளித்தான். அங்கிருந்து அப்படியே மெஸ்ஸுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்பை இரண்டு முறை வாங்கி உண்டு, ஒரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குத் திரும்பி வந்து மவுஸில் கை வைத்தான். திரையில் அம்புக்குறி அசையவில்லை. ஆயுத பூஜைக்கு முந்திய மாலையில் ஒரகடம் மேம்பாலத்தடியில் மாட்டிக்கொண்ட கன்டெய்னர் லாரி எவ்வாறு முன்னும் போகாது பின்னும் போகாது ஆரன் மட்டும் அடித்துக்கொண்டு நிற்குமோ, அவ்வாறு நின்றது. இடப்பக்கம் இழுத்தான். வலப்பக்கம் இழுத்தான். வட்டமிட்டான். அது பாட்டுக்கு நின்றது.

எதிர்க் கட்டிலில் முப்பிடாதி படுத்திருந்தான். இவன் சங்கரன்கோவில் பக்கத்தான். காருக்கு டேஷ்போர்டு செய்யும் கம்பெனியில் கடைசிப் பரிசோதகன். நல்ல பொருளைக் கண்டால் பச்சை வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவதும் கெட்ட பொருளைக் கண்டால் சிவப்பு ஒட்டுவதும் எட்டு மணி நேரமும் அவன் பணி. கை சும்மா இருக்குமா? சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்ட ஸ்டிக்கர் சுருளை வைத்து மாதத்தின் முதல் ஞாயிறு தோறும் அறையைத் தணிக்கை செய்வான். அன்று காலை வாளி, சீப்பு, ஃபேன் ரெகுலேட்டர், துணிக்கொடி ஆகிய யாவும் பச்சை பெற்றிருந்தன. மூலையில் கிடந்த பக்கத்துக் கட்டில்காரனின் ஷூ மட்டும் சிவப்பு.

“ஏலே முப்பிடாதி, இந்த மவுஸுல எதும் கோளாறு இருக்குமால?”

“அதுல ஒண்ணும் இருக்காது மக்கா. காலையில நான் செக் பண்ணி ஓகே பண்ணதுலா?”

இந்தப் பதில்தான் அன்றைய பாரதத்துக்கெல்லாம் வித்து. தொழிற்சாலையில் வயிறு வளர்ப்போர்க்கு முதல் வேதம் ஒன்று உண்டு: ஓகே ஆன பொருளை மறுபடி தொடாதே. தொட்டால் அதன் பெயர் ரீவொர்க். ரீவொர்க்குக்கு ஒரு படிவம் உண்டு, படிவத்துக்கு மூன்று கையெழுத்து உண்டு, மூன்றாவது கையெழுத்துக்காரர் சாப்பிடப் போயிருப்பார். ஆகவே மவுஸ் குற்றமற்றது என்பது அந்த அறையில் ஐயந்திரிபற நிறுவப்பட்டது. மவுஸ் குற்றமற்றதென்றால் குற்றவாளி வேறு யார்? மவுஸின் பேச்சைக் கணினிக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி மென்பொருள், அதாவது டிரைவர். வனமாமலை விரல்களைச் சொடுக்கினான். அவ்வோசை கேட்டு ஜன்னல் கம்பியில் இருந்த காக்கை பறந்தது.

முப்பிடாதியின் கைப்பேசியில் உறையும் ஹாட்ஸ்பாட் தேவியே, நாளொன்றுக்கு இரண்டு ஜிபி அருள்பவளே, இக்கதை முடியும்வரை நீ துணை நில். (அவள் நிற்கவில்லை. அது பிறகு வரும்.)

முதல் அம்பு விடுத்தான்: “கணினியே, உன்னொடு பிணைந்த கருவிகளைப் பட்டியலிடு!” கணினி கூசாமல் பட்டியலிட்டது. மூன்றாம் வரியில் மவுஸ் இருந்தது. காலை ஷிப்டுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்து கார்டு பஞ்ச் பண்ணிவிட்ட ஊழியனைப்போல், பெயரோடும் எண்ணோடும், ஒழுங்காக இருந்தது. நடுநிலையான எவனும் இதைக் கண்டு டிரைவர் நலமே என்று உணர்ந்திருப்பான். வீரர்கள் நடுநிலையானவர்கள் அல்லர். “பொய்!” என்று கர்ஜித்து அடுத்த அம்பைத் தொடுத்தான்.

முப்பிடாதி ஒருக்களித்துப் படுத்தபடி பார்த்தான். “கிளிக்கு விழுதாடே?”

வனமாமலை அழுத்திப் பார்த்தான். விழுந்தது. இடது கிளிக்கும் விழுந்தது, வலது கிளிக்கும் விழுந்தது, நடுச் சக்கரத்தை உருட்டினால் பக்கம் மேலும் கீழும் வழுக்கிக்கொண்டு ஓடியது.

“பொறவென்ன? உசுரு இருக்குல்லா.”

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம கெட. இது கெர்னல் மேட்டரு.”

கெர்னல் என்பது கணினியின் கருவறை. அதனுள் அர்ச்சகர் தவிர வேறெவரும் நுழையலாகாது என்பது உலக வழக்கு. நம் வீரன் செருப்போடு நுழையத் தயாரானான்.

இச்சமயம் படியேறி வந்தான் ஜோயல். ஞானம்மாவின் மகன், கிடங்கொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவோன், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க வந்தவன், திறந்திருந்த கதவைக் கண்டு நிலைப்படியில் சாய்ந்தான். எந்தப் போர்க்களத்திலும் இப்படி ஒருவன் வந்து நிலைப்படியில் சாய்வான். அவன் சொல்வதை மட்டும் கேட்டிருந்தால் பூமியில் பாதிப் போர்கள் நடந்திரா.

“இன்னாண்ணா, எலி படுத்துக்கிச்சா?”

“டிரைவர் அடிபட்டுருக்கு ஜோயலு. சரி பண்ணிக்கிட்டிருக்கேன்.”

“அத்த ஒரு தபா தலகீழா திருப்பிப் பாத்தியா? எங்க கம்பெனில ஸ்கேனர் மக்கர் பண்ணா, கண்ணாடியத் தொட்ச்சிட்டுத்தான் மறுவேல.”

வனமாமலை மெல்லத் தலை நிமிர்ந்தான். அவன் இதழ்க்கடையில் ஒரு முறுவல் பூத்தது. காட்டில் திரியும் மாந்தரைக் கண்டு விண்ணில் செல்லும் கந்தருவர் பூக்கும் முறுவல் அது. “ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தம்பீ! கருவியைக் குப்புறக் கவிழ்த்து அதன் வயிற்றைத் தடவுவது கால்நடை வைத்தியம். யாம் பயில்வது சாத்திரம்” என்ற கருத்துப்பட, “போய் மோட்டரை ஆஃப் பண்ணுலே, தண்ணி வழியுது” என்றான். தண்ணீர் உண்மையிலேயே வழிந்துகொண்டிருந்தது. கீழிருந்து ஞானம்மா அதைப் பற்றிக் கூறிய சொற்கள் காவியத்தில் எழுதத் தக்கன அல்ல.

ஒன்றே முக்கால் மணிக்குப் படையெடுப்பு முறைப்படி தொடங்கியது. உலகெங்கும் உள்ள லினக்ஸ் அடியார்கள் கூடும் இணைய மன்றத்தில் ஓலை விடுத்தான்: தன் மவுஸ் இன்னது, தன் கெர்னல் இன்னது, தன் துயர் இன்னது. பனிமலை நாட்டிலிருந்து ஒரு பெரியவர், பாலை நாட்டிலிருந்து ஒரு மாணவர், எந்த நாடென்றே சொல்லாத ஒருவர் என மூவர் மறுமொழி விடுத்தனர். முதல்வர், “முழுப் பதிவேட்டையும் ஒட்டவும்” என்றார். இரண்டாமவர், தமக்கும் நான்காண்டாக இதே சிக்கல் என்றும் தாம் மவுஸ் இல்லாமல் வாழப் பழகிவிட்டதாகவும் எழுதியிருந்தார். மூன்றாமவர் ஒரே வரி: “அடிப்பக்கம் சிவப்பு விளக்கு எரிகிறதா?”

இங்கே நாம் எழுதுகோலை ஒரு கணம் கீழே வைத்து, இம்மூன்றாமவர் இருக்கும் திசை நோக்கித் தொழுகிறோம். வனமாமலை அவரைத் தடைசெய்தான். “வந்துருக்காம்பாரு வெளக்கு பாக்குறவன்” என்பது தடையாணையின் வாசகம்.

இரண்டரை மணிக்குள் அவன், குறைசொல்ல ஏதுமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்த டிரைவரைக் கணினியின் உள்ளிருந்து பெயர்த்தெடுத்தான். அதோடு விட்டானா? அது மீண்டும் உள்ளே வந்துவிடாதபடி, விலக்கப்பட்டோர் பட்டியலில் அதன் பெயரைத் தன் கையாலேயே எழுதினான். கேட்டில் செக்யூரிட்டியிடம் போட்டோ கொடுத்து, ‘இவனை உள்ளே விடாதே’ என்று சொல்வதற்கு ஒப்பானது இச்செயல். பிறகு வேறொரு மவுஸுக்காக வேறொருவர் எழுதிய வேறொரு டிரைவரின் மூலநூலைத் தரவிறக்கி, அதைத் தன் கணினியில் சமைக்கத் தொடங்கினான். கருந்திரையில் எழுத்துகள் அருவியெனப் பொழிந்தன. நூற்றுக்கணக்கில் எச்சரிக்கைகள், அவற்றின் நடுவே சிவந்த எழுத்தில் பிழைகள். ஒவ்வொரு பிழைக்கும் மன்றத்தில் ஒரு தீர்வு கண்டான். ஒவ்வொரு தீர்வும் இரண்டு புதிய பிழைகளை ஈன்றது. மடிக்கணினி கொதித்தது. அதன் காற்றாடி, வானூர்தி புறப்படும் ஓசை எழுப்ப, மடியில் வைத்திருந்த வீரன் லுங்கிக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகிக்கொண்டான்.

“மாப்ளே,” என்றான் முப்பிடாதி, “மணி மூணாயிட்டுடே. பேசாம அந்தப் பிள்ள கடைக்குப் போயி ரெண்டு ஓட்டையும் போட்டுட்டு வந்துரு. பத்து நிமிசம்.”

“ஷெர்லின் கடைக்கா? விண்டோஸுலயா? அதுக்கு நான் காலம்பூரா பிரஸ்ஸே ஓட்டிட்டுப் போவேன்.”

“ஓட்டு, ஓட்டு. இன்னொரு காதும் போவட்டும்.”

இது ஒன்றுதான் அன்று அந்த அறையில் பேசப்பட்ட பேச்சிலேயே நேராகப் பாய்ந்த அம்பு. வீரன் சற்றுநேரம் தட்டச்சு செய்வதை நிறுத்தினான். பிறகு முன்னிலும் வேகமாகத் தட்டினான்.

மூன்றேகால் மணிக்கு, பழைய கெர்னலில் தெய்வசாந்நித்தியம் குறைந்துவிட்டதென்று முடிவுசெய்து, புத்தம்புதிய கெர்னல் ஒன்றைத் தானே கடைந்தெடுக்கத் துணிந்தான். என்னென்ன வேண்டும், என்னென்ன வேண்டாம் என்று அது முந்நூறு கேள்விகள் கேட்டது. முதல் இருபதுக்குச் சிந்தித்து விடையளித்தான். மிச்சத்துக்கெல்லாம் என்ட்ரைத் தட்டிக்கொண்டே போனான். அந்தக் கேள்விகளில் ஒன்று, ‘உமக்கு மவுஸ் வேண்டுமா?’ என்பது. ‘வேண்டாம்’ என்று அது தானாகவே குறித்து வைத்திருந்தது. விலக்கப்பட்டோர் பட்டியலில் மவுஸின் டிரைவர் இருப்பதை அது பார்த்திருக்க வேண்டும். சொன்ன பேச்சு கேட்கும் கணினி.

மூன்று மணி நாற்பத்தைந்து நிமிடத்துக்குக் கணினி அணைந்து எழுந்தது. அறையில் மூவரும் மூச்சடக்கினர். ஜோயல் எப்போது திரும்பி வந்து நிலைப்படியில் சாய்ந்தான் என்பது வரலாற்றில் இல்லை. திரை மலர்ந்தது. அம்புக்குறி நட்டநடுவில் தோன்றியது. வனமாமலை மவுஸை நகர்த்தினான். அசையவில்லை. கிளிக் செய்தான். விழவில்லை. வலது கிளிக், இல்லை. சக்கரம், அதுவும் இல்லை.

இவ்விடத்தில் சாதாரண மனிதன் அழுதிருப்பான். வனமாமலையோ தொடையைத் தட்டி ஆரவாரித்தான். “பாத்தியளா! முன்னாடி நகராம மட்டும் இருந்துச்சு, இப்ப ஒண்ணுமே வேல செய்யல. பிரச்சின க்ளியராயிட்டு!”

அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளிக்கு இனிக் காய்ச்சல் வராது என்று உறவினர்க்கு உரைக்கும் வைத்தியனின் பெருமிதம் அவன் முகத்தில் ஒளிவிட்டது.

“இன்னாண்ணா நீ, இருந்த உசுரையும் எட்த்துட்ட?” என்றான் ஜோயல். “அந்த மவுஸே டூப்ளிகேட்டா இருக்கப் போவுது.”

எதைச் சொன்னாலும் பொறுப்பான் முப்பிடாதி; தான் ஓகே செய்த பொருளைப் பழித்தால் பொறான். கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தான். சுரங்கத்திலிருந்து வெளிவரும் புலியென— சுரங்கத்தில் புலி இராது. ஆயினும் அவ்வாறே எழுந்தான்.

“யார்ட்ட வந்து டூப்ளிகேட்டுங்க? ஆறு வருசமா ஒரு கம்ப்ளைண்டு வாங்கிருப்பனா? காலையில வயரு பாத்தேன், பட்டன் பாத்தேன், வீலு பாத்தேன், கீறல் பாத்தேன். எல்லாம் ஓகே. வேணும்னா நீயே பாரு!”

சொல்லிக்கொண்டே மவுஸைப் பிடுங்கி, நீதிமன்றத்தில் சான்று காட்டுவதுபோல் உயர்த்தி, அனைவரும் காணத் தலைகீழாகக் கவிழ்த்தான். “மேல ஒட்டுனா மெமோ குடுப்பானுவோ. கஸ்டமரு பாக்குற பக்கம் ஸ்டிக்கர் வரக்கூடாது. அதான் அடியில, நட்டநடு சென்டர்ல, கரெக்டா ஒட்டிருக்கேன்.”

ஒட்டியிருந்தான். மறுக்க இயலாது. அளவெடுத்து ஒட்டியதுபோல் மையத்தில், பசேலென்று, வட்டமாக, ‘ஓகே’ என்ற எழுத்தோடும் அன்றைய தேதியோடும் அந்தக் காலைப் பத்திரம் இருந்தது. மவுஸுக்கு ஒரே ஒரு கண். அந்தக் கண் இருப்பது அடியில், மையத்தில். மேசையைக் கண்டால்தான் மவுஸ் தான் நகர்வதை அறியும். அந்தக் கண்ணின்மேல் ஒரு நூல்கூடப் பிசகாமல் பச்சை வட்டம் படிந்திருந்தது.

நெடுஞ்சாலையில் ஒரு ஷிப்ட் பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது.

“த்தோடா,” என்றான் ஜோயல். “கண்ணு மேலயே ஒட்டிக்கீற. பார்ட்டு ஓகே, பார்வதான் நாட் ஓகே.”

முப்பிடாதி ஸ்டிக்கரை நகத்தால் உரித்தான். தன் தொழில்வாழ்வில் முதன்முறையாகத் தான் ஒட்டியதைத் தானே உரிக்கிறான். அவன் கை நடுங்கியதென்று சொல்வது கவிஞர் வழக்கமாகையால் நாமும் சொல்லிவைக்கிறோம். உரித்ததும் செவ்வொளி ஒன்று குபீரென்று வெளிப்பட்டு முப்பிடாதியின் உள்ளங்கையில் பாய்ந்தது. மவுஸ் உயிரோடு இருந்தது. அது என்றுமே சாகவில்லை. அதை எலிவளையிலிருந்து எட்டிப் பார்க்கவிடாமல் வாசலைத்தான் அடைத்திருந்தார்கள்.

வனமாமலை அதை வாங்கிக் கட்டில் பலகையில் வைத்தான். நகர்த்தினான். அம்புக்குறி அசையவில்லை.

எங்ஙனம் அசையும்? கண் திறந்தது உண்மை. கண் கண்டதைக் கணினிக்குச் சொல்ல வேண்டிய துபாஷியின் தலையை இரண்டரை மணிக்கே சீவியாயிற்று. அவன் பெயர் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. அவன் உட்காரும் நாற்காலியைப் புதிய கெர்னல் தூக்கி வெளியே போட்டுவிட்டது. பழைய கெர்னலையாவது மீட்கலாமே என்றால், இடம் போதவில்லை என்று மூன்றரை மணிக்கே அதை அழித்தவன் யார்? எல்லாவற்றையும் புதிதாக இறக்கினால் பிழைக்கலாம். வனமாமலை இறக்கக் கட்டளையிட்டான். அந்நொடியே முப்பிடாதியின் கைப்பேசி ஒரு மணியோசை எழுப்பி, இன்றைய இரண்டு ஜிபியும் தீர்ந்துபோன செய்தியை மூன்று மொழிகளில் அறிவித்தது. வனமாமலையின் போன் பழைய பட்டன் போன். ஜோயலை நோக்கினான்.

“என்னுது ரீசார்ஜ் முட்ஞ்சி மூணு நாளாவுது,” என்றான் ஜோயல். “வைஃபை வோணும்னா அம்மாவாண்ட கேக்கணும். தண்ணி வழிஞ்சத இன்னும் பேசிக்கினுகீது. போய் கேக்குறியா?”

மணி நாலு எட்டு. மாடிப்படியில் ஞானம்மாவின் குரல் எட்டிப் பார்த்தது. வீரன் வைஃபை கேட்கப் போகவில்லை.

அதன்பின் கால் மணி நேரம் அவன் விசைப்பலகையை மட்டும் கொண்டு ஓட்டை போட முயன்றான். அம்பு விசைகளால் ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தி முதல் ஓட்டையைப் போட்டான். அது பிராக்கெட்டுக்கு வெளியே, காற்றில், நிலவைப்போல் மிதந்தது. அழித்தான். மறுபடி போட்டான். இம்முறை ஓட்டை இருந்தது, பிராக்கெட்டைக் காணவில்லை. திரும்பக் கொண்டுவந்தான். வலக்காதை உள்ளங்கையால் தேய்த்துவிட்டுக்கொண்டான். நான்கு மணி இருபத்தொன்றுக்குக் கருந்திரையைத் திறந்து, ஒரே ஒரு கட்டளையால், தன் வாழ்நாளில் மிகக் குறுகிய கட்டளையால், வரைபடத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றினான்.

“எங்கலே போற?” என்றான் முப்பிடாதி.

“பல்லு தேய்க்க பேஸ்டு இல்ல, வாங்கிட்டு வாரேன்.”

“நானும் கடப்பக்கம்தான் போறேன். வண்டில குந்துண்ணா,” என்றான் ஜோயல்.

“வேண்டாம். நடந்தே போறேன்.”

நேர்ச்சாலையில் போனால் தெரிந்த முகங்கள் எதிர்ப்படும். ஆகவே கம்பெனிச் சுவரை ஒட்டிய மண்பாதையில், முள்வேலிக்கும் தேங்கிய மழைநீருக்கும் நடுவே, லுங்கியை மடித்துக் கட்டி, சட்டைப் பையிலிருந்த பென் டிரைவை இடக்கையால் மறைத்துப் பிடித்தபடி ஓடினான் லினக்ஸ் நெறி நின்ற கொற்றவன். வழியில் இரண்டு எருமைகள் அவனைக் கண்டன. அவை யாரிடமும் சொல்லவில்லை.

கடையில் ஷெர்லின் ஒரு மாணவியின் ப்ராஜெக்ட்டுக்கு ஸ்பைரல் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மறக்கும் முகமா அது?

“இன்னாண்ணா, லினக்ஸ் போட வந்தியா?”

வாளெடுத்து வந்தவனை வாசலிலேயே அடையாளம் கண்ட கேள்வி. வனமாமலை அவளுக்குப் பின்னால் இருந்த காலண்டரை உற்று நோக்கினான்.

“இல்ல, வந்து... சிஸ்டம் எதும் காலியா இருக்கா?”

“மூணாம் நம்பர்ல குந்து. டிராயிங்கா? எல்லா சாஃப்ட்வேரும் போட்டு வெச்சிகிறேன், பாலிடெக்னிக் பசங்க கேக்குறாங்கோ. ஜன்னல் மாதிரி படம் வருதா பாரு, அதான் விண்டோஸு. தெரியும்ல?”

நான்கு மணி முப்பத்தாறு. கேளீர், உலகத்தீர்! எந்தத் திரையின் முன் அமர்பவனை அடிமை என்றானோ அந்தத் திரையின் முன் அமர்ந்தான் வனமாமலை. எந்தக் கொடியை எரிப்பேன் என்றானோ அதன் நிழலில் பென் டிரைவைச் செருகினான். மூன்று ஞாயிறுகளின் உழைப்பு திரையில் விரிந்தது. நீலமும் சாம்பலுமான அந்தப் பிராக்கெட் சற்றே சுழன்று, இரண்டு ஓட்டைகளுக்காகக் காத்து நின்றது. அவன் மவுஸைப் பற்றினான். நாளெல்லாம் நூறு பேர் கைபட்டு, பிஸ்கட் பொடியும் கார்பன் தூளும் படிந்து, அடியில் என்ன இருக்கிறதென்று யாருமே பார்த்திராத மவுஸ் அது. அம்புக்குறி நாலு விரற்கடை பாய்ந்து, திக்கி, ஒரு குதி குதித்து, நின்றது. இன்னும் இருபத்து நான்கு நிமிடங்கள். டிரைவரின் பதிப்பெண்ணை ஆராயலாம். மன்றத்துக்கு ஓலை விடுக்கலாம். ஷெர்லினின் கணினிக்கும் ஒரு புதுக் கெர்னல் கடைந்து, இக்கடையையும் வரலாற்றில் ஏற்றலாம். இடப்பக்கம் பார்த்தான்: சுவர். வலப்பக்கம் பார்த்தான்: நாலாம் நம்பரில் ஒரு பெண் விண்ணப்பம் நிரப்புவதில் மூழ்கியிருந்தாள். ஷெர்லின் முதுகைக் காட்டி நின்றாள். விண்ணும் மண்ணும் மூச்சடக்கி வீரனின் முடிவுக்காகக் காத்திருந்தன.

வனமாமலை மவுஸைத் திருப்பி, அடிப்பக்கத்தைச் சட்டையில் துடைத்து, ரெண்டு ஓட்டையையும் போட்டு, நாலு ஐம்பத்திரண்டுக்கு டிராயிங்கை அனுப்பிவிட்டான்.